கோட்டா முறையில் சிறு படகுகள் காணாமல் போவது எதனால்? விதி விதியாகப் பிரித்துப் பேசுவோம்

வலைக்கண்:

வேறொரு இழையில் "கோட்டா வந்தால் சிறுதொழில் செத்தது" என்று ஒருவரும் "கோட்டா வராவிட்டால் மீனே செத்தது" என்று இன்னொருவரும் நாற்பது பதிவுக்கு மல்லுக்கட்டினார்கள். மீன்பிடிக் கோட்டா என்ற ஒரே சொல்லுக்குள் நாலு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்பது ஒன்று. அதை யாருக்கு, எந்தக் கணக்கில் பிரிப்பது என்பது இரண்டு. பிரித்ததை விற்கலாமா, குத்தகைக்கு விடலாமா என்பது மூன்று. கரையில் எப்படி எடை போட்டுக் கழிப்பது என்பது நாலு. மீனைக் காப்பது முதல் முடிவு. சிறு படகை முடிப்பது மற்ற மூன்றும்தான்.

முதலில் பிரிக்கும் விஷயம். பெரும்பாலான நாடுகள் பழைய பிடிப்புப் பதிவை வைத்துத்தான் பிரித்தன. அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு 1995ல் தனிநபர் கோட்டா நடைமுறைக்கு வந்தது. 1984 முதல் 1990 வரையான ஏழு வருடங்களில் எந்த ஐந்து வருடம் நன்றாகப் பிடித்தீர்களோ அந்தக் கணக்கு. கணக்கு யார் பெயரில்? படகு உரிமையாளர் பெயரில், அல்லது படகைக் குத்தகைக்கு எடுத்தவர் பெயரில். அந்த ஏழு வருடமும் தூண்டில் இழுத்த ஆட்களுக்கு ஒரு கிலோ கிடையாது. 1990க்குப் பிறகு படகு வாங்கியவருக்கும் கிடையாது.

நியூசிலாந்து இன்னும் முன்கூட்டியே கழித்துக் கட்டியது. கோட்டா 1986 அக்டோபரில் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1983ல், பகுதிநேர மீனவர்களின் அனுமதியைப் பறித்துவிட்டார்கள். வருமானத்தில் பெரும்பங்கு மீனிலிருந்து வரவில்லையென்றால் நீ மீனவன் இல்லை என்று பொருள். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் கடல் என்று வாழ்ந்த பூர்வகுடி மாவோரி ஊர்களுக்கு அந்த அடிதான் முதல் அடி. கோட்டா பிரிக்கும் நாளில் அவர்கள் வரிசையிலேயே இல்லை.

சோழகம்:

பிரித்ததில் அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் கோட்டாவுக்கு முந்தைய நிலையையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதே அலாஸ்கா ஹாலிபட்டுக்கு, கோட்டாவுக்கு முந்தைய வருடங்களில் முக்கியப் பகுதிகளில் சீசன் என்பது 24 மணி நேரம் வீதம் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ நாள்தான். அந்த நாளில் புயல் அடித்தாலும் போயாக வேண்டும். நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிக்கும், அறுத்துவிட்டுத் திரும்புவார்கள். அறுந்த தூண்டில் அடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். வருட மீன் முழுக்க ஒரே வாரத்தில் கரைக்கு வந்தால் ஐஸ் ஏது, வாங்க ஆள் ஏது? பெரும்பாலானது உறைநிலைக் கிடங்குக்குப் போனது. கோட்டாவுக்குப் பின் சீசன் எட்டு மாதத்தைத் தாண்டியது, மீன் பச்சையாகச் சந்தைக்குப் போனது.

இந்தப் பந்தயத்தில் முதலில் அடிபடுபவன் சின்னப் படகுக்காரன். காற்றில் வெளியே போக முடியாதவன் அவன்தானே. பெருவிலும் இதே கதைதான். 2009ல் நெத்திலி வகை அஞ்சோவெட்டாவுக்குப் படகுவாரிக் கோட்டா வரும்வரை, வருடத்துக்கு ஐம்பது நாள் சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் படகும் ஆலையும் சும்மா கிடந்தன.

கடைசிப்பாடு:

பந்தயம் போனது சரிங்க. பந்தயத்துக்குப் பதிலா வந்தது வாடகை. அதை யாரும் கணக்குப் போட்டுக் காட்டறதில்லை, நான் போடறேன்.

கரையில மீன் 100க்கு விக்குதுன்னு வைங்க. கோட்டா சொந்தமா இல்ல, குத்தகைக்கு எடுக்கணும். கனடாவோட மேற்குக் கரையில ஹாலிபட்டுக்கு 1991ல படகுக் கோட்டா வந்துச்சு. அங்க குத்தகை, மீன் விலையில 70 சதவீதத்தையும் தாண்டி ஏறுச்சு. 70 போச்சு, மீதி 30. டீசல், இரை, ஐஸ், கண்காணிப்புக் கட்டணம்னு ஒரு 12. மீதி 18. படகுக்குப் பாதி 9. படகை ஓட்டற ஸ்ராங்கோட சேர்த்து மூணு பேர்னா ஆளுக்கு 3. கோட்டா சொந்தமா இருந்தா அதே மீனுக்கு 88 மிஞ்சும், படகுக்கு 44, ஆளுக்கு 14க்கு மேல. கடல் அதே, குளிர் அதே, கை வலி அதே. கரையில உக்காந்திருக்கிற பங்குக்காரருக்கு 70, தண்ணில நிக்கிறவருக்கு 3.

குத்தகையைச் செலவா எழுதி ஆளுங்க கூலியில கழிக்கறதுதான் கொடுமை. ஐஸ்லாந்துல 1994லயும் 1998லயும் கடல் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சதுக்கு இது ஒரு பெரிய காரணம். கோட்டா வாங்கற செலவுல ஆளுங்க பங்கு போடக் கூடாதுன்னு விதி இருந்தும், மீன் விலையைக் குறைச்சுக் காட்டி வேற வழியா அதைப் பிடுங்கினாங்க. 98 சண்டைக்கு அப்புறம்தான் மீன் விலையைச் சரிபார்க்கத் தனி அலுவலகமே வந்துச்சு.

தராசு:

குத்தகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோட்டா கிலோவில் இருக்கிறது. எந்தக் கிலோ? முழு மீனா, குடல் எடுத்ததா, தலை எடுத்ததா?

அலாஸ்கா ஹாலிபட் கோட்டா, தலையும் குடலும் எடுத்துக் கழுவிய எடையில் எழுதப்படுகிறது. குடல் மட்டும் எடுத்து, தலையோடு, ஐஸும் வழுவழுப்பும் ஒட்டியபடி தராசில் வைத்தால் பெருக்கு எண் 0.88. அதாவது 1,000 கிலோ வைத்தால் கணக்கில் 880 கழியும். கழுவித் துடைத்து, தலையோடு என்றால் 0.90. தலை எடுத்து, ஐஸோடு என்றால் 0.98. இறக்கும் சீட்டில் தலையோடு இருந்த மீனுக்குத் தவறுதலாகத் தலையில்லாத குறியீட்டை அடித்துவிட்டால், 880 போக வேண்டிய இடத்தில் 980 போகும். நூறு கிலோ கோட்டா ஒரு விசைத்தட்டலில் காலி. கையெழுத்துப் போடுவதற்கு முன் சீட்டில் பார்க்க வேண்டியது இரண்டே இடம்: எடை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் மீன்நிலைக் குறியீடு. எடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஐஸ்லாந்தில் காட் மீனுக்குக் குடல் எடுத்த எடைதான் அடிப்படை, பெருக்கு எண் 0.84. குடலோடு 774 கிலோ இறக்கினால் 650 என்று பதிவாகும். இந்த இரண்டு எண்ணும் கீழே யாராவது கரையோரப் படகுத் திட்டத்தைப் பேசும்போது மறுபடி வரும், பாருங்கள்.

நேரமும் ஒரு கோட்டாதான். அலாஸ்காவில் மீன் இறக்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். பத்து ஆள் உள்ள கம்பெனிக்கு இது ஒரு தொலைபேசி. ஒற்றை ஆளாய்ப் படகு ஓட்டுபவருக்கு, வாங்க வருபவர் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லும் மூன்று மணி நேரம்.

புதுத்துடுப்பு:

ஒரு சந்தேகம். ஒரு இனத்துக்குக் கோட்டா வைத்திருக்கிறோம், கூடவே வேறு இனம் ஏறுகிறது, அதற்குக் கோட்டா இல்லை. அப்போது என்ன செய்வார்கள்? வலையிடம் போய் "இதை மட்டும் பிடி" என்று சொல்ல முடியாதே?

வலைக்கண்:

சொல்ல முடியாததுதான் சிக்கல். எண் வைத்துப் பார்ப்போம். ஒரு படகிடம் ஹாடக் மீனுக்கு 6 டன், காட் மீனுக்கு 300 கிலோ கோட்டா இருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் 100 கிலோ ஹாடக்கோடு 15 கிலோ காட் ஏறுகிறது. 20 இழுப்பில் காட் 300ம் தீர்ந்தது. அதுவரை பிடித்த ஹாடக் 2 டன். மீதி 4 டன் கையில் இருந்தும் கடலுக்குப் போக முடியாது. இன்னும் 600 கிலோ காட் குத்தகைக்குக் கிடைத்தால்தான் அந்த 4 டன்னைத் தொடலாம். அந்தக் கடலில் எல்லோருக்கும் அதே காட்தான் தட்டுப்பாடு. எனவே குத்தகை விலை மீன் விலையையே தாண்டும். இப்படித் தொண்டையை அடைக்கும் இனத்தைத்தான் "சோக்" இனம் என்பார்கள். நாற்பது இனத்துக்குக் கோட்டா வைத்திருக்கும் கம்பெனி உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும். மூன்று இனம் வைத்திருப்பவர் சந்தைக்குப் போக வேண்டும்.

தப்பிக்கும் வழி மூன்று. தூக்கி எறிவது முதல் வழி. எறிந்தது பெரும்பாலும் செத்த மீன், கணக்கில் வராது, அடுத்த வருட ஆய்வும் தப்பாகும். கருவியை மாற்றுவது இரண்டாவது. இழுவலையின் வாய்க்குள் ஹாடக் மேலே எழும்பும், காட் அடியை ஒட்டியே போகும். நடுவில் கிடைமட்டமாக ஒரு வலைத்தடுப்பு வைத்தால் மேல்பாதியில் ஹாடக்கும் கீழ்ப்பாதியில் காட்டும் பிரியும், கீழ்மடியைத் திறந்தே விட்டுவிடலாம். தூண்டில் படகுக்கு இந்த வசதி இல்லை. ஆழத்தையும் இடத்தையும் மாற்றிப் பார்க்கத்தான் முடியும். மூன்றாவது, அரசே வால்வு வைப்பது.

தராசு:

அந்த வால்வு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் வித்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2019க்குள் படிப்படியாக, பிடித்ததையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்து கோட்டாவில் கழி என்றது. தொண்டை அடைப்பு முழு வேகத்தில் தெரிந்தது அப்போதுதான்.

நியூசிலாந்தில் கோட்டா இல்லாமல் இறக்கலாம், ஆனால் மதிப்பீட்டுத் தொகை கட்ட வேண்டும். மிஞ்சியது எத்தனை சதவீதமோ அதற்கேற்பக் கிலோவுக்கான தொகையும் ஏறும். இதை நிர்ணயிப்பது கத்திமுனை வேலை. தொகையைக் குறைவாக வைத்தால் கோட்டா இல்லாமலே பிடித்து இறக்குவது லாபம். கூடுதலாக வைத்தால் இருட்டில் கடலில் கொட்டுவது லாபம்.

ஐஸ்லாந்தின் வழி எனக்குப் பிடிக்கும். வருடப் பிடிப்பில் 5 சதவீதம் வரை கோட்டாவுக்கு வெளியே இறக்கலாம். ஏலத்தில் விற்று வரும் பணத்தில் 20 சதவீதம் படகுக்கு, 80 சதவீதம் ஆராய்ச்சி நிதிக்கு. தேடிப் போய்ப் பிடிக்கும் அளவுக்கு லாபம் இல்லை, தூக்கி எறியும் அளவுக்கு நட்டமும் இல்லை.

நங்கூரம்:

சட்டப் பக்கம் கொஞ்சம். கோட்டா மீன்தானா, சொத்தா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது.

ஐஸ்லாந்தில் 2001ல் இரண்டு மீனவர்கள் கோட்டா இல்லாமல் வேண்டுமென்றே பிடித்து, தண்டனை வாங்கி, ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2007ல் குழு அவர்கள் பக்கம் நின்றது. 1980களின் தொடக்கத்தில் தொழிலில் இருந்தவருக்கு இலவசமாகக் கொடுத்ததை நிரந்தரச் சொத்தாக்கி, பிறகு வருபவர் அவர்களிடம் விலைக்கு வாங்க வேண்டும் என்பது பாகுபாடு என்று சொன்னது. கோட்டாவே தப்பு என்று அது சொல்லவில்லை. இதைப் பலரும் தலைகீழாக மேற்கோள் காட்டுகிறார்கள்.

பிரிட்டனில் 2013ல் எதிர்த்திசை வழக்கு. பெரிய படகுச் சங்கங்கள் வருடக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்திருந்த கோட்டாவில் ஒரு பகுதியை அரசு எடுத்து 10 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குக் கொடுத்தது. சங்கங்கள் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றன. அங்கே படகுகளில் முக்கால்வாசிக்கு மேல் 10 மீட்டருக்குள்தான், ஆனால் கோட்டாவில் சில சதவீதம்தான் அவர்களுக்கு. தனிக் கோட்டாவும் கிடையாது, பொதுக்குளத்திலிருந்து மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து விடுவார்கள்.

கனடாவின் அட்லாண்டிக் பக்கம் வேறு வழி. மீன் பதப்படுத்தும் கம்பெனிக்கு 65 அடிக்குக் குறைந்த படகின் உரிமம் கிடையாது என்று 1979லிருந்தே கொள்கை. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே படகில் போக வேண்டும் என்பது இன்னொன்று. கம்பெனிகள் என்ன செய்தன? உரிமம் மீனவர் பெயரில், கடன் கம்பெனியிடம், மீனை யாருக்கு விற்பது, உரிமத்தை யாருக்கு மாற்றுவது என்பதெல்லாம் ஒரு தனி ஒப்பந்தத்தில். கொள்கையாக இருந்ததை 2021 ஏப்ரலில் விதிமுறையாக்கி, அந்த மாதிரி ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு உரிமம் இல்லை என்று எழுத வேண்டியதாயிற்று. நாற்பது வருடம் பிடித்தது.

கடைசிப்பாடு:

அலாஸ்காவிலயும் உரிமையாளர் படகுல இருக்கணும்னு விதி இருக்கே, அப்புறம் எப்படி வாடகை நடக்குது?

நங்கூரம்:

விதிவிலக்கு வழியாக. ஆரம்பத்தில் இலவசமாகப் பெற்றவர்கள் ஆள் வைத்து ஓட்டலாம் என்று விட்டார்கள். ஆரம்பக்காரர் மெதுவாக வயதாகி வெளியேறுவார், விலக்கும் தானாகக் கரையும் என்று எதிர்பார்ப்பு. அவர்களோ அதே விலக்கை வைத்துப் புதிய பங்குகளையும் வாங்கிச் சேர்த்தார்கள். கடைசியில் 2010 பிப்ரவரிக்குப் பிறகு வாங்கிய பங்குக்கு ஆள் வைக்கக் கூடாது என்று 2014ல் அடைத்தார்கள். விலக்கைப் பங்கோடு கட்டாமல் ஆளோடு கட்டியதுதான் ஓட்டை.

சோழகம்:

ஊருக்கே கோட்டா கொடுப்பது பற்றி யாரும் தொடவில்லை. அலாஸ்காவிலேயே இரண்டு திட்டம், ஒப்பிட்டால் பாடம் இருக்கிறது. பெரிங் கடலோரத்தில் 65 ஊர்கள், ஆறு அமைப்புகள். 1992லிருந்து அவர்களுக்குப் பொலாக் மீனில் 7.5 சதவீதத்தை இலவசமாகவே ஒதுக்கினார்கள், பிறகு மற்ற இனங்களுக்கும் விரிந்தது. குத்தகைப் பணம் ஊருக்கு வந்தது, அதில் படகிலும் ஆலையிலும் பங்கு வாங்கினார்கள். தெற்கே அலாஸ்கா வளைகுடா ஊர்களுக்கு 2004ல் வேறு திட்டம்: "நீங்களும் ஊர் சார்பில் கோட்டா வாங்கலாம்." வாங்கலாம், பணம்? வெகு சில ஊர்களே வாங்கின. அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு முதல் கொடுக்காத திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

டென்மார்க்கின் தோருப்ஸ்ட்ராண்ட் ஊரில் மீனவர்களே செய்தார்கள். 2007ல் அடிமீன் (கடலடியை ஒட்டி வாழும் மீன்) கோட்டாவை விற்கலாம் என்று ஆனபோது, அதற்குச் சற்று முன்பே இருபது குடும்பம் கூட்டுறவாகச் சேர்ந்து வங்கிக் கடனில் கோட்டா வாங்கின. பங்கு யார் பெயரிலும் இல்லை, கூட்டுறவின் பெயரில். கரைக்கு இழுக்கும் படகு, துறைமுகம் கிடையாது, ஆனாலும் ஊரில் தொழில் நின்றது.

கடைசிப்பாடு:

ஐஸ்லாந்து கரையோரத் திட்டத்தைச் சொல்லாம விட்டா எப்படி. 2009ல ஆரம்பிச்சாங்க. கோட்டா வாங்க வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை, படகுக்கு நாலு தானியங்கித் தூண்டில் எந்திரம், ஒரு பயணம் 14 மணி நேரம், திங்கள் முதல் வியாழன் வரை, நாளைக்கு 650 கிலோ. தராசு சொன்ன 774 இதுதான். புதுசா வர்றவனுக்கு இருக்கிற ஒரே கதவு.

சோழகம்:

கதவுதான், ஆனால் உள்ளே பழைய பந்தயம் உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் படகுக்கும் சேர்த்து ஒரே பொதுக்குளம். தீர்ந்தால் எல்லோருக்கும் நிறுத்தம். 2023லும் 2024லும் ஜூலை நடுவிலேயே மூடிவிட்டார்கள். ஆகஸ்டில்தான் மீன் பெருகும் கரைப் பகுதி ஊர்க்காரர் வெறுங்கையோடு நின்றார். குளம் தீருமுன் நாளைப் பிடிக்க வேண்டும் என்று மோசமான காற்றிலும் ஒற்றை ஆள் படகுகள் வெளியே போகின்றன. குளத்தைப் பகுதிவாரியாகப் பிரிக்காமல் இந்தத் திட்டத்தைப் புகழ எனக்கு மனசில்லை.

வலைக்கண்:

அளவுக்கோடு போடும் இடத்தில் இன்னொரு கூத்து. பிரிட்டனில் 10 மீட்டர் கோடு போட்டதும் 9.9 மீட்டரில், அகலமும் ஆழமும் கூட்டி, பெரிய எந்திரம் வைத்துப் படகு கட்டினார்கள். காகிதத்தில் சின்னப் படகு, பிடிப்பில் பெரிய படகு. பொதுக்குளத்தைக் குடித்தது அவைதான். ஐஸ்லாந்தில் 1984ல் 10 டன்னுக்குக் குறைந்த படகை விலக்கி வைத்ததும் அந்த அளவுக்குச் சற்றுக் கீழே படகுகள் முளைத்தன. ஒரே ஒரு அளவை மட்டும் வைத்துக் கோடு போட்டால் இதுதான். எந்திரக் குதிரைத்திறன், கருவி, பயண நேரம் மூன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

கடைசிப்பாடு:

கோட்டாவே இல்லாம அமெரிக்காவோட மெய்ன் மாநிலத்துல சிங்கி இறால் ஓடுதே. உரிமத்துக்கு 800 பொறி, ஓட்டு நீளம் மூணேகால் அங்குலத்துக்குக் கீழயும் அஞ்சு அங்குலத்துக்கு மேலயும் விடணும், முட்டைக்காரிக்கு வால்ல வெட்டுக்குறி போட்டு விடணும், உரிமக்காரரே படகுல இருக்கணும்.

சோழகம்:

பொறியில் ஏறுவதை உயிரோடு திருப்பி விடலாம், அதனால் ஓடுகிறது. இழுவலையில் ஏறியது திரும்பாது. ஃபரோ தீவுகள் 1996ல் அடிமீனுக்குக் கோட்டாவை விட்டுவிட்டுக் படகு வருடத்துக்கு எத்தனை நாள் கடலுக்குப் போகலாம் என்ற கடல்நாள் கணக்குக்கு மாறின. ஒரு நாளில் பிடிக்கும் திறன் வருடா வருடம் ஏறும், நாள் அந்த அளவுக்குக் குறையாது. அங்கே காட் தேறவில்லை.

புதுத்துடுப்பு:

சரி, ஒரு கோட்டா வரைவு கையில் வந்தால் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவது?

வலைக்கண்:

அடிப்படை வருடங்கள் எவை என்று முதலில் பாருங்கள். அந்த வருடங்களில் சிறு படகுகள் சீட்டு இல்லாமல் விற்றிருந்தால் அவர்களுக்குப் பதிவே இருக்காது. பதிவு இல்லாதவருக்கு வாக்குமூலம், வியாபாரியின் கணக்கு ஏற்கப்படுமா என்று கேட்க வேண்டிய இடம் அது. வெளியான பிறகு மேல்முறையீடு என்பது பெரும்பாலும் சம்பிரதாயம்.

அடுத்து, பங்கு டன்னிலா சதவீதத்திலா. நியூசிலாந்து 1986ல் டன்னாகக் கொடுத்தது. மொத்த அளவைக் குறைக்க வேண்டுமென்றால் அரசு பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். செலவு தாங்காமல் 1990ல் சதவீதத்துக்கு மாறினார்கள். மாறியதும் குறைப்பின் சுமை மீனவர் தலையில். அது தவறில்லை, ஆனால் கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்கு அது என்ன செய்யும் என்று தராசு சொல்லட்டும்.

தராசு:

ஐஸ்லாந்து 2007ல் காட் மொத்த அளவை 1,93,000 டன்னிலிருந்து 1,30,000 டன்னுக்கு இறக்கியது. 30 டன் பிடிக்கலாம் என்று கடன் வாங்கியவருக்கு மறுவருடம் 20.2 டன். தவணை மட்டும் அப்படியே. அடுத்த வருடம் வங்கிகள் விழுந்து நாணயம் சரிந்தது. வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியவர்களுக்குக் கடனே பெருத்தது. ஆய்வு சொன்ன குறைப்பு நியாயமானது. வாங்கும்போது "மூன்றில் ஒன்று குறைந்தால் தவணை கட்ட முடியுமா" என்று ஒரு வரி கணக்குப் போடாததுதான் பலரை முடித்தது.

புதுத்துடுப்புக்கு இன்னொன்று. மிச்சத்தையும் மிகையையும் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் பிரிவைத் தேடுங்கள். காற்று அடித்து நாலு வாரம் போகாத சிறு படகுக்கு அதுதான் உயிர். அலாஸ்காவில் மிச்சம் 10 சதவீதம் வரை அடுத்த வருடத்தில் சேரும். மிகை என்றால், கடைசியாக இறக்கும்போது கணக்கில் இருந்த மீதியில் 10 சதவீதம் வரை அடுத்த வருடத்தில் கழிப்பார்கள். 400 கிலோ மீதி இருக்கும்போது 440 இறக்கினால் தப்பிக்கலாம், 460 என்றால் அது மீறல். இந்தக் கூட்டலும் கழித்தலும் ஆளோடு போவதில்லை, பங்கோடு போகும். யாரிடமாவது பங்கு வாங்கினால் அவர் போன வருடம் மிகையாகப் பிடித்த கிலோ உங்கள் கணக்கில் கழியும். கைமாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பங்கின் போன வருட இறுதி இருப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.